கொல்கத்தா அருங்காட்சியகங்களும் மலாயாவின் தொல்வரலாறும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டின் மண்ணில் கிடைத்த சான்றுகளையே முதன்மையாகக் கொள்வர். அச்சான்றுகள் இன்றும் அந்த மண்ணிலேயே இருக்கின்றனவா என்பது வேறு வினா. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளைப் பொறுத்தவரை அவ்வினாவுக்குரிய விடை பெரும்பாலும் கடல் கடந்தே கிடைக்கும். மலாயாவுக்கு அவ்வாறு விடை கூறும் நகரங்களுள் ஒன்று கொல்கத்தா.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இந்தியாவுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் தமிழாசிரியர்களும் மாணவர்களும் சென்னை, தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களையே பெரிதும் நாடுகின்றனர். அது இயல்பே. எனினும், இத்தீபகற்பத்தின் பழைய வரலாற்றைப் பேசும் மிக முக்கியமான கற்கள் வங்காளத்தின் தலைநகரில் உள்ளன என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. கொல்கத்தாவின் சில அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்ப்பவர் எவற்றைக் காணலாம், அவை அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தன, அவற்றிலிருந்து நம் வகுப்பறைகள் பெறக்கூடியது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கழகத்திலிருந்து காட்சிக்கூடம் வரை

கல்கத்தாவில் 1784ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆசியாவின் மொழி, வரலாறு, இயற்கை ஆகியவற்றை ஆராய்வதே அதன் குறிக்கோள். உறுப்பினர்கள் தாம் சென்ற இடங்களிலிருந்து நாணயம், கல், ஏடு, விலங்குகளின் எலும்பு எனப் பலவற்றையும் கழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். இவற்றை முறையாகப் பேணுவதற்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று 1814ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் எழுதியவர் நத்தானியல் வாலிக் என்னும் டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலார். கழகம் அதனை ஏற்றது. ஆசியாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களுள் ஒன்றாகிய இந்திய அருங்காட்சியகத்தின் பிறப்பு அதுவே.

வாலிக்கின் வரலாறு தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. செராம்பூரிலிருந்த டேனியர் குடியேற்றத்தில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1808இல் ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றியபோது சிறைப்பட்டவர். பின்னர் அவருடைய தாவரவியல் அறிவை மதித்து அவ்வாட்சியே அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1822ஆம் ஆண்டு அவர் சிங்கப்பூருக்கு வந்தார். இன்று ஃபோர்ட் கேனிங் என வழங்கும் குன்றின் சரிவில் ராஃபிள்ஸ் தொடங்கிய தாவரத் தோட்டத்துக்குத் திட்டம் வகுத்தவர் அவரே. கல்கத்தாவின் அருங்காட்சியகத்துக்கும் சிங்கப்பூரின் முதல் தாவரத் தோட்டத்துக்கும் வித்திட்ட கை ஒன்றுதான் என்பது, அக்காலத்தில் இவ்விரு நகரங்களும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதைக் காட்டும்.

கழகத்தில் 1829ஆம் ஆண்டு வரை இந்தியர் எவரும் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. ஆயினும், அருங்காட்சியகத்துக்குப் பொருள் கொடுத்தோருள் இந்தியர்களும் இருந்தனர். சேகரிப்பதற்கு இந்தியரின் கை வேண்டியிருந்தது. ஆராயும் அவையில் மட்டும் அவர்களுக்கு இருக்கை நெடுங்காலம் கிட்டவில்லை. அருங்காட்சியக வரலாற்றைப் பயில்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய முரண்பாடு இது.

திரட்டு பெருகிப் பார்க் தெருவிலிருந்த கழகக் கட்டடத்தில் இடம் போதாமற் போகவே, 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அருங்காட்சியகம் அரசின் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வால்டர் கிரான்வில் வரைந்த புதிய கட்டடம் சவுரங்கிச் சாலையில் எழுந்து, 1878ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நடுவே திறந்த முற்றமும் நாற்புறமும் உயர்ந்த தூண்களையுடைய தாழ்வாரமும் கொண்ட அவ்வெண்ணிறக் கட்டடத்தை வங்காள மக்கள் ‘ஜாதுகர்’, அதாவது மாய வீடு, என்றே வழங்கினர். புதைபடிவம், எகிப்திய மம்மி, திமிங்கில எலும்பு, மோரியர் காலத்துச் சிங்கத்தூண் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ்க் கண்ட மக்கள் அதனை வேறு எவ்வாறு அழைத்திருக்க இயலும்?

2. பாரூத் வேலியும் பெயர் பொறித்த எளியோரும்

இந்திய அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்கு மேல் செலவிட இயலாதவர் பாரூத் கூடத்துக்கே முதலிடம் தருதல் வேண்டும். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் உள்ளது பாரூத். அங்கிருந்த பௌத்தத் தூபியின் எச்சங்களை 1873ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டறிந்தார். தூபியின் செங்கற்களையும் கற்களையும் சுற்றுவட்டார மக்கள் வீடு கட்ட எடுத்துச் சென்றுவிட்டிருந்தனர். எஞ்சியவை அழிந்துவிடும் என்று அஞ்சிய கன்னிங்காம், கற்கிராதியின் பெரும்பகுதியையும் கிழக்குத் தோரணவாயிலையும் கல்கத்தாவுக்குக் கொண்டுவரச் செய்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த செந்நிற மணற்கல் தூண்கள் இன்று அக்கூடத்தில் வளைந்து நிற்கின்றன.

இச்சிற்பங்களில் புத்தர் மனித உருவில் காட்டப்படவில்லை. போதிமரம், அரியணை, அடிச்சுவடு, அறவாழி ஆகிய அடையாளங்களே அவரைக் குறிக்கின்றன. சாதகக் கதைக் காட்சிகளுக்கு அருகே அக்கதைகளின் பெயர்கள் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. சேதவனத்தை விலைக்கு வாங்கிய அநாதபிண்டிகர், அந்நிலம் முழுவதும் காசுகளைப் பரப்பும் காட்சி பலரும் அறிந்ததே. வண்டியிலிருந்து காசு இறக்குவோரும் அதனை நிலத்தில் அடுக்குவோரும் நம் ஊர்க் கட்டுமானப் பணியாளர் போலவே குனிந்து உழைக்கின்றனர்.

கலை வரலாற்றாளர் கண்ணுக்கு இச்சிற்பங்களே முதன்மை. வரலாற்றாசிரியர் கண்ணுக்கோ தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் உள்ள கொடையாளர் பெயர்கள் முதன்மை. பிக்குகள், பிக்குணிகள், இல்லறத்தார், பெண்கள் எனப் பலரும் ஆளுக்கொரு தூணையோ ஒரு குறுக்குக் கல்லையோ அளித்துள்ளனர். விதிசை, பாடலிபுத்திரம் முதலிய தொலைவூர்களிலிருந்தும் கொடை வந்துள்ளது. தோரணவாயிலில் தனபூதி என்னும் மன்னனின் பெயர் உண்டு. ஆயினும், அத்தூபியை நிறுத்தியது மன்னன் ஒருவனின் கருவூலம் மட்டுமன்று. பலருடைய சிறு கொடைகளும் சேர்ந்தே அதனை நிறுத்தின என்பதை அக்கற்கள் சொல்கின்றன. தமிழகத்தில் மாங்குளம், புகளூர் முதலிய இடங்களின் குகைக் கல்வெட்டுகளில் சமண முனிவர்க்குக் கற்படுக்கை அளித்த வணிகரையும் பிறரையும் அறிந்த தமிழாசிரியர்க்கு இந்த ஒப்புமை எளிதில் விளங்கும்.

பாரூத் கற்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றது மீட்பா, பறிப்பா? இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. கற்கள் அங்கேயே விடப்பட்டிருப்பின் அவற்றுட் பல இன்று இருந்திரா. எனினும், தூபி நின்ற இடத்துக்கும் அதன் சிற்பங்களுக்கும் இடையிலிருந்த உறவு அறுந்துபோயிற்று என்பதும் உண்மையே. இவ்விரு கூற்றுகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு மேலே செல்வதே முறையான வரலாற்று நோக்காகும்.

3. கடல் கடந்து சென்ற மூன்று கற்கள்

நம் நாட்டினர் கொல்கத்தாவுக்குச் செல்ல வேண்டியதற்குரிய தலையாய காரணம் இனிக் கூறப்படுவதே. பினாங்கும் செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலமும் மலாக்காவும் சிங்கப்பூரும் 1826ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. 1830 முதல் அவை வங்காள ஆட்சியின்கீழ் வைக்கப்பட்டன. 1867ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து இலண்டனின் நேரடி ஆளுகைக்குச் சென்றன. அக்காலத்தில் இங்கு கிடைத்த தொல்பொருள்களை அனுப்புவதற்குரிய அறிவுத் தலைநகர் கல்கத்தாவாகவே இருந்தது. கோலாலம்பூர் அன்று தோன்றவேயில்லை. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் 1874இலும், தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் 1883இலும்தான் தோன்றின. எனவே, ஒரு கல் எங்குச் சென்றது என்பது பெரும்பாலும் அது கிடைத்த ஆண்டைப் பொறுத்தது.

3.1 புத்தகுப்தன் கல்வெட்டு

வெல்லெஸ்லி மாநிலத்தின் வடபகுதியில் 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அது ஆசியக் கழகத்துக்கு அனுப்பப்பட்டு, இன்று இந்திய அருங்காட்சியகத்தின் திரட்டில் உள்ளது. அதன் நடுவே அடுக்குக் குடைகளுடன் கூடிய ஒரு தூபியின் உருவம் கோட்டோவியமாகச் செதுக்கப்பட்டுள்ளது. இருமருங்கிலும் வடமொழி வாசகம். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தனின் பெயரையும், கடற்செலவு இனிது நிறைவேற வேண்டும் என்னும் வேண்டுதலையும் அதில் காண்கிறோம். வினையும் பிறவியும் பற்றிய பௌத்தச் செய்யுள் ஒன்றும் உண்டு. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர்.

இக்கல்லின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, இத்தீபகற்பத்தின் தொல்வரலாற்றில் பெயரோடும் ஊரோடும் தொழிலோடும் நம்முன் நிற்கும் தனிமனிதருள் மிகப் பழையோர் வரிசையில் புத்தகுப்தன் இடம்பெறுகிறான். அவன் மன்னனல்லன்; கலஞ்செலுத்துவோருள் தலைவன். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன் எனப்படுவதை மகாநாவிகன் என்னும் பட்டத்தோடு ஒப்பிட்ட அறிஞரும் உளர். அது முடிந்த முடிபன்று. எனினும், கடல் வணிகத் தலைமக்களுக்கு அக்காலச் சமூகத்தில் இருந்த மதிப்பு இரு சான்றுகளாலும் புலனாகிறது.

இரண்டாவது, இரத்தமிருத்திகை என்னும் பெயர். செம்மண் என்பது அதன் பொருள். வங்காளத்தில் முர்சிதாபாத் மாவட்டத்திலுள்ள ராஜ்பாரிடாங்காவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் 1962ஆம் ஆண்டு அகழாய்வு மேற்கொண்டனர். அங்குக் கிடைத்த முத்திரையில் இரத்தமிருத்திகை மகாவிகாரத்தின் பெயர் இருந்தது. சீனப் பயணி யுவான் சுவாங் குறிப்பிடும் துறவிமடமும் அதுவே. புத்தகுப்தனின் ஊர் இதுதான் என்பது பல அறிஞர்களின் கருத்து. அக்கருத்து சரியெனின், வங்காளத்திலிருந்து புறப்பட்ட மாலுமி ஒருவன் கடாரக் கரையில் விட்டுச் சென்ற வேண்டுதல், ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வங்காளத்துக்கே திரும்பியது எனலாம்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கல்லின் எழுத்து வடஇந்திய வகையன்று. தென்னாட்டு எழுத்தின் சாயலுடையது. மாலுமி வங்காளத்தவன், சமயம் பௌத்தம், மொழி வடமொழி, எழுத்துத் தென்னகத்தது, கல் நின்ற இடம் மலாயாக் கரை. இக்கல்லை எந்த ஒரு மொழியினரும் நாட்டினரும் தமக்கே உரியதென்று கொள்ள இயலாது. வங்கக்கடல் முழுவதற்கும் பொதுவான சான்று அது.

3.2 சிங்கப்பூர்க் கல்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் கண்டறியப்பட்ட பெரும்பாறை, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் ஐம்பது வரி எழுத்தும் கொண்டிருந்தது. 1843ஆம் ஆண்டு கட்டுமானப் பணிக்காக அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டுகள் சிலவற்றைத் தேடியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பியவரும் ஜேம்ஸ் லோவே. அவற்றுள் ஒன்று 1918ஆம் ஆண்டளவில் சிங்கப்பூருக்குத் திரும்பி, இன்று சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதன் வாசகம் இன்றுவரை முழுமையாகப் படிக்கப்படவில்லை. பழஞ்சாவக மொழி என்பாரும் வடமொழி என்பாரும் உளர். எஞ்சிய துண்டின் சில எழுத்துகளைக் ‘கேசரிவ’ எனப் படித்து, அது பரகேசரிவர்மன் என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று இயன் சின்கிளேர் 2019இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இச்செய்தி தமிழர் நடுவே விரைந்து பரவியது வியப்பன்று. ஆயினும், அது ஒரு கருதுகோளே. அறிஞர் அனைவரும் ஒப்பிய முடிவன்று. தகர்க்கப்பட்ட பாறையின் சிறு துண்டிலிருந்து பெருவரலாற்றை எழுப்புவது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை மாணவர்க்கு உணர்த்த இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. இழப்பின் அளவையும் இக்கல்லே உணர்த்துகிறது: அறியாமையால் வெடிவைத்தவர்களின் ஒருநாட் செயல், பின்னர் வந்த எல்லாத் தலைமுறை அறிஞர்களின் கைகளையும் கட்டிவிட்டது.

3.3 கல்கத்தாக் கல்

மூன்றாவது கல் மலாயாவினுடையதன்று; சாவகத்தினுடையது. 1811இல் ஆங்கிலேயர் சாவகத்தைக் கைப்பற்றியபின் அங்கு ஆட்சித் தலைவராக இருந்த ராஃபிள்ஸ், இரு பெரிய கல்வெட்டுகளை ஆளுநர் நாயகம் மிண்டோ பிரபுவுக்கு அனுப்பினார். ஒன்று மிண்டோவின் குடும்பத்தார்க்குரிய ஸ்காட்லாந்து நிலத்துக்குச் சென்றது. மற்றொன்றாகிய புசாங்கான் கல்வெட்டு கல்கத்தாவிலேயே தங்கி, ‘கல்கத்தாக் கல்’ என்றே அறிஞர் உலகில் பெயர் பெற்றது. கி.பி. 1041ஆம் ஆண்டினதாகிய அது ஒருபுறம் வடமொழியிலும் மறுபுறம் பழஞ்சாவக மொழியிலும் ஏர்லங்கா மன்னனின் வரலாற்றைக் கூறுகிறது. அரண்மனை அழிய, காட்டில் அடைக்கலம் புகுந்து, பின்னர் நாட்டை மீட்டவன் ஏர்லங்கா. அவன் முதலாம் இராசேந்திர சோழனின் சமகாலத்தவன் என்பது தமிழ் வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ளத்தக்கது. கங்கை வரை படை செலுத்தியதையும் வங்காள தேசத்தையும் குறிக்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே பின்னர்க் கடாரத்தையும் பாடுகிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் வங்கம், சோழநாடு, கடாரம், சாவகம் ஆகிய நான்கையும் ஒரே வரைபடத்தில் வைத்து நோக்க வேண்டும் என்பதற்குக் கல்கத்தாக் கல் ஒரு தூண்டுகோல்.

சாவகப் படையெடுப்போடு சென்றவர்களுள் காலின் மெக்கன்சியும் ஒருவர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பட்ட அவர் 1821இல் இறந்தார். அவர் திரட்டிய ஏடுகளைப் பற்றிய வில்சனின் அட்டவணை 1828இல் கல்கத்தாவில் வெளிவந்தது. தமிழ் முதலிய தென்மொழி ஏடுகள் அவ்வாண்டே சென்னைக்கு அனுப்பப்பட்டன. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவ்வேடுகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அவை ஒருமுறை கல்கத்தாவுக்குச் சென்று மீண்டவை என்பதை அறிந்திருத்தல் நலம். ஏடுகள் திரும்பின, கற்கள் திரும்பவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம், திரும்பி வந்தால் பெற்றுக்கொள்வதற்குச் சென்னையில் ஒரு கல்லூரியும் அறிஞர் குழாமும் அன்றே இருந்தன. மலாயாவிலும் சாவகத்திலும் அத்தகைய நிறுவனங்கள் அன்று இல்லை.

4. பல்கலைக்கழகத்தின் பங்கு

கல்லூரித் தெருவில் கல்கத்தாப் பல்கலைக்கழக வளாகத்தினுள் அமைந்த அசுதோசு இந்தியக் கலை அருங்காட்சியகம் 1937ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தோன்றிய முதல் பொது அருங்காட்சியகம் இதுவே. துணைவேந்தராக இருந்த சர் அசுதோசு முகர்சியின் பெயரைத் தாங்கியது. சவுரங்கியின் பெருங்கட்டடத்தைக் கண்டு வருவோர்க்கு இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால், இதன் அடிப்படை எண்ணம் வேறு. குடியேற்ற ஆட்சியின் அருங்காட்சியகம் பேரரசு முழுவதிலுமிருந்து பொருள்களைத் தலைநகருக்குக் கொணர்ந்தது. பல்கலைக்கழக அருங்காட்சியகமோ தன் மண்ணைத் தானே தோண்டிப் பார்த்தது.

கொல்கத்தாவுக்கு வடகிழக்கே உள்ள சந்திரகேதுகர் என்னும் இடத்தில் 1956 முதல் இவ்வருங்காட்சியகத்தார் நடத்திய அகழாய்வு இதற்குச் சான்று. அங்குக் கிடைத்த சுடுமண் உருவங்கள், குறிப்பாக விரிந்த தலையணியும் நுண்ணிய அணிகலன்களும் பூண்ட பெண்ணுருவங்கள், கிறித்து ஊழியின் முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில் கங்கைக் கழிமுகத்தில் செழித்த நகர வாழ்வைக் காட்டுகின்றன. கங்கை முகத்துவாரத்துக் கடல் வணிகம் பற்றிக் கிரேக்க நூலாகிய பெரிபுளுசு கூறுவதை அங்குக் கிடைத்த பொருள்களோடு ஒப்பிட்டு நோக்கலாம். அதே நூல் பேசும் முசிறியையும் சோழர் கரைப் பட்டினங்களையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு, கிழக்குக் கரையின் மறுமுனையில் நடந்தது என்ன என்பதை இவ்வுருவங்கள் விளக்கும்.

5. பேரரசின் நினைவும் விடுதலையின் நினைவும்

விக்டோரியா அரசியார் 1901ஆம் ஆண்டு சனவரியில் மறைந்ததும், அவருக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று கர்சன் பிரபு முன்மொழிந்தார். வில்லியம் எமர்சன் வரைந்த திட்டப்படி, மக்ரானா வெண்பளிங்கால் எழுந்த விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அது திறக்கப்பட்டது. இடையில் 1911இல் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு வெளிவந்துவிட்டது. பேரரசின் தலைநகருக்கென்று திட்டமிட்ட மண்டபம், கதவு திறந்தபோது தலைநகரல்லாத ஊரில் நின்றது. அதிகாரத்தின் நிலையாமையை அதன் காட்சிப்பொருள்களைக் காட்டிலும் அதன் காலக்கணக்கே தெளிவாகச் சொல்கிறது.

டேனியல் உறவினர் இருவரும் வரைந்த இந்தியக் காட்சிகளும், வெரெசாகின் என்னும் உருசிய ஓவியர் தீட்டிய செய்ப்பூர் ஊர்வலப் பெரும்படமும் அங்குள்ளன. விடுதலைக்குப் பின்னர் அம்மண்டபத்தின் உள்ளடக்கம் மாறத் தொடங்கியது. நகரத்தின் வரலாற்றைக் கூறும் கல்கத்தாக் கூடம் 1992இல் திறக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் பேரரசியின் மண்டபமாகவும் உள்ளே மக்களின் நகர வரலாறாகவும் அது இன்று விளங்குகிறது. ஒரு கட்டடத்தை இடிக்காமலே அதன் பொருளை மாற்ற இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

எல்கின் சாலையிலுள்ள நேதாஜி பவன் முற்றிலும் வேறானது. அது போஸ் குடும்பத்தினர் வாழ்ந்த இல்லம். வீட்டுக் காவலிலிருந்த சுபாஷ் சந்திர போஸ் 1941ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அங்கிருந்துதான் தப்பிச் சென்றார். அவரை அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் ஓட்டிச் சென்ற வாண்டரர் மகிழுந்து அவ்வில்லத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1957இல் அச்சிசிர் குமார் போசே அங்கு நேதாஜி ஆய்வகத்தை நிறுவினார்.

இக்கூடத்தில் நம் நாட்டினர் அயலாராக நிற்க வேண்டியதில்லை. 1943ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் சிங்கப்பூர்க் கேத்தே கட்டடத்தில் போஸ் இந்திய விடுதலைச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதே கட்டடத்தில் அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அவர் அழைப்பை ஏற்றுப் படையிற் சேர்ந்த பொதுமக்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையினர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய இலட்சுமி சுவாமிநாதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார்; கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அப்படையில் முன்னணியில் நின்றார். தலைவரின் மகிழுந்தும் எழுதுமேசையும் பேணப்பட்டுள்ளன. தோட்டத்து மண்ணிலிருந்து புறப்பட்ட தொண்டர்களின் உடைமைகளுக்கு அத்தகைய இல்லம் எங்கே? சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945இல் எழுப்பப்பட்ட இந்தியத் தேசியப் படை நினைவுச் சின்னத்தையும் மீண்டுவந்த ஆங்கிலேயர் தகர்த்துவிட்டனர். அத்தொண்டர்களின் நினைவுகளைத் திரட்டும் கடமை கொல்கத்தாவுக்குரியதன்று, நமக்குரியது.

சோராசாங்கோவில் உள்ள தாகூர் இல்லமும் இவ்வரிசையில் அடங்கும். 1861இல் தாகூர் பிறந்ததும் 1941இல் மறைந்ததும் அங்கேயே. 1927இல் அவர் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு முதலிய ஊர்களுக்கு வருகை புரிந்து, பின்னர்ச் சாவகமும் பாலியும் சென்றார். உடன் வந்த மொழியியலறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி. புத்தகுப்தனின் கடல்வழியை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் அளந்த பயணம் அது எனலாம்.

6. ஆசிரியர்க்குச் சில கருத்துகள்

கல்விச் சுற்றுலா என்பது பட்டியலிலுள்ள இடங்களைக் கண்டு படம் எடுத்துத் திரும்புவதன்று. ஒவ்வொரு காட்சிப்பொருளின் முன்னும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். இது எங்குக் கிடைத்தது? இதனை இங்குக் கொணர்ந்தவர் யார்? இதனோடிருந்து இப்போது இங்கு இல்லாதது யாது? விளக்க அட்டை பெரும்பாலும் முதல் வினாவுக்கு மட்டுமே விடை தரும். மற்ற இரண்டுக்கும் விடை காண ஆசிரியர் முன்னரே நூல்களைப் பயின்றிருத்தல் இன்றியமையாதது.

புசாங் பள்ளத்தாக்கைப் பற்றிப் பாடம் நடத்துவோர் மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்கின்றனர். அது பாராட்டுக்குரியது. அப்பாடத்தோடு புத்தகுப்தன் கல்லின் வரலாற்றையும் இணைத்தல் வேண்டும். கல் நம்மிடம் இல்லாவிடினும், அதன் படமும் படியும் வாசகமும் விளக்கமும் நம் வகுப்பறைக்கு வருவதற்குத் தடையில்லை. இந்திய அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரோடு நம் பல்கலைக்கழகங்கள் தொடர்புகொண்டு, தென்கிழக்காசியக் கற்கள் அனைத்துக்கும் தமிழிலும் மலாயிலும் விளக்கக் கையேடு ஒன்றை உருவாக்குதல் பயன் தரும் பணியாகும்.

கற்களைத் திருப்பிப் பெறுதல் வேண்டும் என்னும் கருத்தும் உண்டு. சாவகக் கற்கள் குறித்து இந்தோனேசியாவில் அக்கோரிக்கை எழுந்துள்ளது. சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு நூறாண்டுக்கு முன்னரே திரும்பியது என்பதால், இது இயலாத செயலன்று. ஆனால், திரும்பப் பெறுவோர் அதனைப் படிக்கத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். கிரந்தமும் வடமொழியும் பழஞ்சாவகமும் அறிந்த இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? கல்லை மீட்பதற்கு முன்னர்க் கல்லைப் படிக்கும் கல்வியை மீட்பதே முதற்கடன் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முடிவுரை

கொல்கத்தாவின் அருங்காட்சியகங்கள் பேரரசின் திரட்டாகத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களமாகவும் விடுதலைப் போராட்டத்தின் நினைவில்லமாகவும் விரிந்தவை. அவற்றுள் புத்தகுப்தன் கல்லும் கல்கத்தாக் கல்லும் தென்கிழக்காசியாவின் வரலாறு இந்தியாவின் வரலாற்றோடு ஒட்டியிருந்ததை உணர்த்துகின்றன. அவை அங்குச் சென்று சேர்ந்த வரலாறோ, ஆட்சி எங்கிருந்ததோ அங்கேயே சான்றும் சென்றது என்னும் உண்மையை உணர்த்துகிறது. மலாயாத் தமிழர் வரலாற்றைத் தோட்டக் காலத்திலிருந்து மட்டும் தொடங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வங்கக்கடலின் பழைய போக்குவரத்தை அதற்கு முன்னுரையாகச் சேர்க்க விரும்புவோர், சென்னையோடு நில்லாது கொல்கத்தா வரை செல்ல வேண்டும். சவுரங்கிச் சாலையில் அவர்கள் காணப்போவது அயல்நாட்டு வரலாறன்று. கடாரக் கரையில் கரையிறங்கிய ஒரு மாலுமி, நலமாக ஊர் திரும்ப வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்த வேண்டுதல்.